தேன்குட எறும்பு நம்ம ஊரில் இல்லை, அதன் வயிற்றை மட்டும் இங்கேயே பார்க்கலாம்

செம்மண்ணைக் குழியாகத் தோண்டி, வயிறு திராட்சைப் பழம் மாதிரி ஊதிப்போன எறும்பை வெளியே எடுத்து, தலையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு அந்தத் தேனை உறிஞ்சுகிற ஆஸ்திரேலியப் பெண்களின் வீடியோ உங்களுக்கும் ஒருநாள் வந்திருக்கும். எனக்கு அதை அனுப்பியது திசையன்விளைப் பக்கம் இருக்கிற என் கூட்டாளி. கூடவே ஒரு கேள்வி: "ஏல, மண்ணப் பாரு, நம்ம தேரி மாதிரில்லா இருக்கு. இங்கயும் தோண்டுனா கெடைக்குமா?"

கிடைக்காது. குதிரைமொழித் தேரியின் செம்மணல் மேட்டை முழுக்கச் சலித்தாலும் கிடைக்காது. வீடியோவில் வருவது காம்பொனோட்டஸ் இன்ஃப்ளேட்டஸ் என்ற தேன்குட எறும்பு, அது ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் மட்டும் இருப்பது. இன்னொரு பெரிய கூட்டம் மிர்மெகோசிஸ்டஸ், சுமார் 30 இனங்கள், பெரும்பாலும் அமெரிக்காவின் மேற்குப் பக்கத்திலும் மெக்சிகோவிலும். ஆனால் கூட்டாளிக்கு நான் எழுதின பதிலில் இன்னொரு வரியும் இருந்தது: அந்த ஆஸ்திரேலிய எறும்பு நம்ம கட்டெறும்புக்கு ஒன்றுவிட்ட பங்காளி. நம்ம வீட்டு முற்றத்தில் அலைகிற பெரிய கறுப்புக் கட்டெறும்பின் பெயர் காம்பொனோட்டஸ் கம்ப்ரஸஸ். முதல் பெயர் ஒன்றுதான், அதாவது பேரினம் ஒன்று. அங்கே குடமாக ஊதியிருக்கிற அதே பை நம்ம கட்டெறும்புக்குள்ளும் இருக்கிறது, அளவுதான் சின்னது. அதைக் காசு செலவில்லாமல், எறும்பைக் கொல்லாமல் எப்படிப் பார்ப்பது என்பதுதான் இங்கே விஷயம்.

வாங்கி வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன், வேண்டாம். வெளிநாட்டு எறும்பை ஆன்லைனில் விற்பவர்கள் இருக்கிறார்கள், வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். 2025-ல் கென்யாவில் இரண்டு பெல்ஜியம் பையன்கள் சுமார் 5,000 ராணி எறும்புகளைக் குழாய்க் குழாயாக அடைத்து வைத்திருந்து மாட்டினார்கள், கோர்ட்டில் பத்து லட்சம் ஷில்லிங் அபராதம். நம்ம வேலிக்காத்தானே எங்கிருந்தோ கொண்டுவந்து விட்டதுதான், அது என்ன பாடு படுத்துகிறது என்று தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

முதலில் அந்தப் பை

எறும்பைப் பக்கவாட்டில் பாருங்கள்: தலை, நடு உடம்பு, நூல் இடுப்பு, அப்புறம் வயிற்றுப் பகுதி. வாயில் உறிஞ்சின இனிப்பு அந்த நூல் இடுப்பு வழியாகப் போய் முதலில் ஒரு பையில் விழுகிறது. அது செரிக்கிற இடம் இல்லை, சும்மா வைத்திருக்கிற இடம். அதற்குப் பின்னால் ஒரு வால்வு, வால்வுக்கு அந்தப் பக்கம்தான் எறும்பின் சொந்த வயிறு. பையில் இருப்பது ஊருக்குப் பொது, யாராவது வந்து கேட்டால் வாய்க்குத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிடும். வால்வைத் தாண்டி உள்ளே போனது மட்டும்தான் தனக்கு. ஊர்ப் பானை ஒன்று, வீட்டுச் சட்டி ஒன்று, இரண்டையும் ஒரே ஆள் சுமந்து திரிகிற மாதிரி.

வயிற்றுப் பகுதியின் மேல்தோல் ஒரே துண்டு இல்லை. கெட்டித் தகடுகளை அடுத்தடுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறினாற்போல் வைத்து, இடையில் மெல்லிய சவ்வால் இணைத்தது. பை நிரம்ப நிரம்பத் தகடுகள் விலகும், மடங்கிக் கிடந்த சவ்வு விரியும். தேன்குட எறும்பின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், மஞ்சள் உருண்டையின்மேல் நாலைந்து கறுப்புக் கோடுகள் தெரியும். அந்தக் கோடுகள்தான் பழைய தகடுகள், அவை வளரவில்லை, இருந்த அளவிலேயே நிற்கின்றன. சவ்வு விரிந்த விரிப்பில் அவை தனித்தனித் தீவாகிவிட்டன.

எல்லா எறும்பும் குடமாக ஆகாது. அமெரிக்க இனங்களில் புதிதாகக் கூட்டிலிருந்து வெளிப்பட்ட, தோல் இன்னும் இறுகாத இளம் வேலைக்காரி எறும்புகளில், அதுவும் உடம்பு பெரியவற்றுக்குத்தான் ஊட்டி ஊட்டி நிரப்புகிறார்கள். நிரம்பினதும் அவை நடமாட்டத்தை விட்டுவிடும். தரைக்கடியில் இருட்டு அறையின் கூரையைக் கால் நகத்தால் பற்றித் தொங்கிக்கொண்டே கிடக்கும். கூரை மட்டும் சொரசொரப்பாக விடப்பட்டிருக்கும், பிடிமானத்துக்கு. கீழே விழுந்தால் தானாக எழுந்து ஏற முடியாது, சில சமயம் வயிறே வெடித்துவிடும். 1879-ல் ஹென்றி மெக்குக் என்ற பாதிரியார் கொலராடோவில் கார்டன் ஆஃப் த காட்ஸ் என்ற இடத்தில் கூடாரம் போட்டுத் தங்கி, இந்தக் கூடுகளை அறை அறையாக வெட்டிப் பார்த்து 1882-ல் புத்தகமாகப் போட்டார். அந்த எறும்புகள் ராத்திரியில் ஓக் புதர்களுக்குப் போய், இலைக்கொம்பில் பூச்சி உண்டாக்கின முண்டுகளில் கசிகிற இனிப்புத் துளியை நக்கிவந்து, வீட்டில் தொங்குகிறவற்றின் வாயில் ஊற்றும். பஞ்ச காலத்தில் அதே வாயிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளும்.

நமக்கு இது புரியாத கணக்கு இல்லை. கார்த்திகையோடு மழை ஓய்ந்தால் அடுத்து ஏழெட்டு மாதத்துக்குக் குளத்தில் கிடப்பதுதான் தண்ணீர் என்கிற ஊர் நம்முடையது. பாலைவன எறும்புக்கும் பூப்பது சில வாரம், காய்வது பல மாதம். மண்பானை செய்யத் தெரியாததால் கூடப்பிறந்தவளையே பானையாக்கிக்கொண்டது.

கட்டெறும்பை எங்கே, எப்போது பார்ப்பது

சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் ஒரு உடைமரத்தடிக்குப் போங்கள். குடை விரித்தாற்போல் நிற்குமே, ஆடு மேய்க்கிறவர்கள் நெற்றுக்காகக் கிளையை உலுக்குகிற அந்த மரம்தான். வேலிக்காத்தானும் ஆகும், ஆனால் முள்ளுக்குள் தலையை விட வேண்டியிருக்கும். அடிமரத்தில் கட்டெறும்பு வரிசையாக ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். இருந்தால் மேலே எங்கேயோ இளங்கொம்பில் முதுகில் முள்ளு மாதிரி கொம்பு முளைத்த சின்னப் பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்து சாறு குடித்துக்கொண்டிருக்கும். குடிக்கிற சாற்றில் அதற்கு வேண்டியது கொஞ்சம், வேண்டாத சர்க்கரைத் தண்ணி நிறைய, அதைப் பின்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விட்டுவிடும். எறும்பு உணர்கொம்பால் தட்டித் தட்டி வாங்கிக் குடிக்கிறது அதைத்தான். விவசாயம் பார்க்கிறவர்களுக்குத் தட்டப்பயற்றில் கறுப்பு அசுவினி அடைந்தால் எறும்பு ஏறும் என்று தெரியும், அதே சங்கதி.

இனி மேலே பார்க்க வேண்டாம், அடிமரத்திலேயே ஓரிடத்தைக் குறித்துக்கொண்டு அங்கேயே கண்ணை வையுங்கள். ஏறுகிற எறும்பின் வயிறு சின்னதாக, மங்கலான கறுப்பாக, முழுக்க ஒரே நிறமாக இருக்கும். இறங்குகிறதின் வயிறு பீப்பாய் மாதிரி நீண்டு பளபளக்கும், கறுப்புக்கு நடுவே வெளிறிய வளையம் வளையமாகத் தெரியும். வளையம் என்றால் அழுத்திப் போட்ட கோடு இல்லை, தகடு விலகின இடத்தில் சவ்வு எட்டிப்பார்க்கிறது. அவ்வளவுதான். நான் முதல்தடவை பார்த்தபோது இவை இரண்டு வேறு வேறு எறும்பு என்றுதான் நினைத்தேன், பத்து நிமிஷம் எண்ணின பிறகுதான் வெளிறிய வளையம் போட்டது ஒன்றுகூட மேலே ஏறவில்லை என்பது உறைத்தது. இதைப் பார்த்துவிட்டால் தேன்குட எறும்பில் பாதியைப் பார்த்த மாதிரி.

ஆஸ்திரேலியாவில் இன்ஃப்ளேட்டஸ் கூடு கட்டுவது முல்கா என்ற மரத்தடியில். முல்காவையும் நம்ம உடையையும் ரொம்ப காலம் அக்கேசியா என்ற ஒரே பெயரில்தான் வைத்திருந்தார்கள், இப்போது உடையைப் பிரித்து வேறு பெயர் கொடுத்துவிட்டார்கள். ஆக எறும்பும் பங்காளி, மரமும் ஏறக்குறையப் பங்காளி, மண்ணும் சிவப்பு. கூட்டாளி கேட்ட கேள்வி அவ்வளவு மோசமான கேள்வி இல்லை.

பதநீர்க் காலம் என்றால் இன்னும் சுலபம். பங்குனி சித்திரையில் உடன்குடிப் பக்கம் போனால், பனையிலிருந்து இறக்கி வைத்த கலயத்தின் விளிம்பைச் சுற்றி எறும்பு மொய்த்துக்கிடக்கும், சுண்ணாம்பு தடவியிருப்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. பனையேறுகிற அண்ணாச்சி வடிகட்டுவதற்கு முன்னால் கேட்டு ஒரு நிமிஷம் பார்த்துக்கொள்ளலாம். பனையோலைப் பட்டையில் உங்களுக்கும் கொஞ்சம் ஊற்றித் தருவார், குடித்துவிட்டு வாருங்கள்.

கலர் தண்ணி சோதனை

இதுதான் பிள்ளைகளோடு செய்ய ஏற்றது, லீவு நாளில் ஒரு மணி நேரம் போதும். 2011-ல் மைசூரில் ஒருவர் எறும்புகளுக்குச் சிவப்பு, பச்சை, நீலச் சர்க்கரைத் துளி வைத்து, குடித்த எறும்பின் வயிறு அந்தந்தக் கலராக மின்னுவதைப் படமெடுத்தார், உலகம் முழுக்கச் சுற்றின படம் அது. அதை நாமும் செய்யலாம், எறும்பை மட்டும் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டெறும்பு இதற்கு ஆகாது, கறுப்புத் தகட்டில் கலர் தெரியாது. வேண்டியது அடுப்படியில் சர்க்கரை டப்பா மூடியைச் சுற்றி ஓடுமே, தலை கறுப்பாகவும் வயிறும் காலும் தண்ணி மாதிரி வெளிறியும் இருக்கிற, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத குட்டி எறும்பு, அதுதான். சந்தேகமாக இருந்தால் செத்துக் கிடக்கிற ஒன்றை நசுக்கி முகர்ந்து பாருங்கள், ஊசிப்போன தேங்காய் வாசம் வரும். சுவர் வெடிப்பு, பூந்தொட்டி அடி, பழைய ஃபைல் கட்டு என்று ஒரே வீட்டுக்குள் பத்து இடத்தில் குடியிருக்கும், ஆகவே தேடி அலைய வேண்டியதில்லை.

கலவைக்குச் சர்க்கரை ஒரு கரண்டி, தண்ணி நாலு கரண்டி. பாகு மாதிரி கெட்டியாகக் கரைத்தால் உறிஞ்ச நேரமாகும், பாதியில் போய்விடும். கேசரிப் பவுடர் குண்டூசித் தலையளவு போதும். நான் முதலில் கல்யாண வீட்டுக் கேசரிக்குப் போடுகிற மாதிரி அள்ளிப் போட்டேன், ஒரு எறும்பு வந்தது, உணர்கொம்பால் தொட்டுப் பார்த்தது, திரும்பிப் போனது, அப்புறம் அன்றைக்கு யாரும் வரவில்லை. கருப்பட்டிக் கரைசலுக்கு எறும்பு பறந்துகொண்டு வரும், உண்மைதான், ஆனால் வயிறு பழுப்பாகத்தான் தெரியும், கலர் பார்க்க முடியாது. பச்சைக்கும் சிவப்புக்கும் தனித்தனிக் கிண்ணம்.

அடுத்தது துளி. இங்கேதான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். மூடியில் ஊற்றி வைத்தால் அடுத்த அரைமணியில் எறும்புப் பிணம் மிதக்கும், ஏனென்றால் இந்தக் குட்டி எறும்புக்குத் தண்ணியின் மேற்பரப்பே பசை மாதிரி, கால் ஒட்டினால் மீளாது. ஃபைல் கவர் மாதிரி வழவழப்பான பிளாஸ்டிக் தாளை வெட்டி, அதன்மேல் ஊசி முனையாலோ தீக்குச்சியாலோ கடுகளவு துளியாக ஒரு வட்டமாக வைத்துக்கொண்டு போங்கள். துளி சின்னதாக இருந்தால் எறும்பு கரையில் நின்று தலையை மட்டும் நீட்டிக் குடிக்கும். தாளை எறும்பு ஓடுகிற தடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். தடத்தின் மேலேயே வைத்தால் மிரண்டு கலைந்துவிடும்.

ஒன்று கண்டுபிடித்துக் குடித்துவிட்டுப் போகும் வரை பொறுமை. போகும்போது வயிற்றைத் தரையில் தேய்த்து வாசனைக் கோடு போட்டுக்கொண்டே போகும், பிறகு கூட்டத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம். குடிக்கிற எறும்பு ஒன்று, இரண்டு நிமிஷம் சிலை மாதிரி நிற்கும், ஊதினால்கூட அசையாது. அந்த நேரத்தில் தாளின் அடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தையும் அதற்கடியில் செல்போன் டார்ச்சையும் வையுங்கள். நின்ற இடத்திலேயே வயிறு ஊதி, முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாகச் சிவப்பு ஏறுவது தெரியும். என் அக்கா மகள் இதைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "மாமா, எறும்புக்குள்ள பல்பு எரியுது." வேறு எப்படியும் எனக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை.

போட்டோவுக்கு நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிற கிளிப் லென்ஸ் போதும். ஃபோகஸ் எறும்பின் வயிற்றில் இருக்கட்டும், தலை மங்கினால் பரவாயில்லை. ஒரு எறும்பு சிவப்பைக் குடித்துவிட்டு இடம் மாறிப் பச்சையையும் குடித்தால் பை ஒன்றுதானே, இரண்டும் கலந்துவிடும். அப்படி ஒன்று கிடைத்தால் அதுதான் அன்றைய நல்ல படம்.

ஒரு எச்சரிக்கை, வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நான் சொல்லவில்லை. துளி வைத்துவிட்டு லென்ஸ் எடுக்க மாடிக்குப் போய் வருவதற்குள் அத்தை, "எய்யா, இவ்வளவு எறும்பு எங்கிருந்து வந்துச்சு" என்று தாளைச் சுற்றி எறும்புச் சாக்பீஸால் அழகாக ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். சாக்பீஸில் இருப்பது பூச்சிமருந்து. அரைமணி நேரத்தில் எல்லாம் மல்லாந்து காலை உதறிக்கொண்டு கிடந்தன, சிவப்பு வயிறும் பச்சை வயிறுமாக. சாக்பீஸ் போட்ட தரையில் திரும்பச் செய்வதானால் சோப்புத் தண்ணி போட்டு நன்றாகத் துடைத்துவிட்டுச் செய்யுங்கள், பிள்ளைகள் கை வைக்கிற இடம் என்றால் கட்டாயமாக.

வாயோடு வாய்

பை பொதுச்சொத்து என்று சொன்னேன், அதற்குச் சாட்சி வேண்டுமே. மறுபடி கட்டெறும்பு. வளையம் போட்ட எறும்பு புற்றுக்குத் திரும்புகிற வழியில் வெறும் வயிற்றோடு வருகிற ஒன்று மறிக்கும். இரண்டும் நேருக்கு நேர் நிற்கும். வாங்குகிறவள் உணர்கொம்பால் கொடுக்கிறவளின் தலையில் டப டபவென்று தட்டுவாள், முன்னங்காலாலும் தடவுவாள். கொடுக்கிறவள் தாடையை அகல விரித்து உணர்கொம்பைப் பின்னால் மடக்கிக்கொள்வாள், இரண்டு வாய்க்கும் நடுவே ஒரு துளி மின்னும். தெருவில் நின்று பேசுகிற இரண்டு பேர் மாதிரிதான் இருக்கும் தூரத்திலிருந்து பார்த்தால். இருட்டின பிறகு பார்ப்பதானால் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றுங்கள், எறும்புக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது என்பதால் அது பாட்டுக்கு வேலையைப் பார்க்கும். வெள்ளை வெளிச்சம் அடித்தால் ஓடிவிடும்.

தேன்குட எறும்பிடம் நடப்பதும் இதே தட்டல்தான். பசித்தது போய்க் கூரையில் தொங்குகிறவளின் தலையில் தட்டும், அவள் ஒரு துளி இறக்குவாள். எல்லாக் குடமும் ஒரே சரக்கு இல்லை: தேன் நிறத்தில் இருப்பதில் சர்க்கரை அதிகம், கண்ணாடி மாதிரி வெளிறினதில் தண்ணி அதிகம்.

இவ்வளவு சேர்த்து வைத்தால் அக்கம்பக்கத்துக் கண் படாமல் இருக்குமா? அரிசோனாவில் மிர்மெகோசிஸ்டஸ் மிமிகஸ் என்ற இனத்தை எறும்பு ஆராய்ச்சியாளர் பெர்ட் ஹோல்டோப்லர் கவனித்து 1976-ல் எழுதினார். இரண்டு கூட்டு எறும்புகளும் நூற்றுக்கணக்கில் மைதானத்தில் கூடும், ஆனால் கடிக்காது, கொல்லாது. காலை நீட்டிக் குதிகால் உயர்த்தி நின்று, வயிற்றைத் தூக்கிக் காட்டி, ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வந்து பலம் பார்க்கும். நாள் கணக்கில் நடக்கும். ஒரு பக்கம் ரொம்பச் சின்னக் கூடு என்று தெரிந்துவிட்டால் அப்போதுதான் சூறை. ராணியைக் கொன்று, புழு முட்டை கூட்டுப்புழு எல்லாவற்றையும், கூரையில் தொங்குகிற குடங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

இன்ஃப்ளேட்டஸின் தேனை அங்கே பழங்குடி மக்கள் தொண்டை வலிக்கும் புண்ணுக்கும் போட்டு வந்திருக்கிறார்கள். 2023-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவையும் சில பூஞ்சைகளையும் அது தடுத்தது. உடனே கட்டெறும்புத் தேன் எடுக்கலாமா என்று கிளம்ப வேண்டாம். கட்டெறும்பின் பையில் இருப்பது துளியில் துளி, அதோடு அது கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுகிற ஜாதி. உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ராணி கிடைத்தால்

மழை ஓய்ந்த சாயங்காலம் தெருவிளக்கு அடியில் றெக்கை முளைத்தது நிறைய வரும். அதில் பெரும்பாலும் ஈசல், ஈசல் எறும்பே இல்லை, கறையான். நாலு றெக்கையும் ஒரே நீளம், இடுப்பு இல்லாத உடம்பு என்றால் ஈசல். முன் றெக்கை பெரிது பின் றெக்கை சிறிது, நூல் இடுப்பு, முழங்கை மாதிரி மடங்கின உணர்கொம்பு என்றால் எறும்பு. றெக்கையை உதிர்த்துவிட்டுத் தரையில் தனியாக அலைகிற, ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறையாத கறுப்புக் கட்டெறும்பு ராணி கிடைத்தால் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

லேப் சாமான் விற்கிற கடையில் ஒரு கண்ணாடி டெஸ்ட் டியூப் வாங்கி, மூன்றில் ஒரு பங்கு தண்ணி ஊற்றி, தண்ணியைத் தொடுகிற மாதிரி பஞ்சை இறுக்கி அடைத்து, மீதி இடத்தில் ராணியை விட்டு, வாயிலும் பஞ்சு வையுங்கள். கறுப்புத் துணியால் சுற்றி அலமாரியில் படுக்க வைத்துவிடுங்கள். சாப்பாடு கொடுக்கக் கூடாது, அவளுக்குத் தேவையும் இல்லை: பறப்பதற்காக இருந்த றெக்கைத் தசையை உடம்பே கரைத்து, அதிலிருந்துதான் முதல் புழுக்களுக்கு ஊட்டுகிறாள். வாரம் ஒரு தடவைக்கு மேல் துணியை விலக்காதீர்கள். என் முதல் ராணியை ஜன்னல் கட்டையில் வைத்து, சித்திரை வெயிலில் ஒரே மத்தியானத்தில் வேகவிட்டுவிட்டேன், ஆகவே ஜன்னல் வேண்டாம்.

முதல் வேலைக்காரிகள் வெளியே வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், வந்தாலும் முற்றத்துக் கட்டெறும்பில் பாதி அளவுதான் இருக்கும், பயப்பட வேண்டாம். அதன் பிறகு வாய்ப் பஞ்சை எடுத்துவிட்டு ஒரு சின்ன டப்பாவோடு டியூபை இணைத்து, டப்பாவில் சர்க்கரைத் துளியும், வாரத்துக்கு இரண்டு தடவை அடித்த கொசுவோ கரப்பான் காலோ வையுங்கள். கொசு யாருக்கு என்றால் புழுக்களுக்கு. வளர்ந்த எறும்பால் கெட்டியானதை விழுங்க முடியாது, சாறும் கரைசலும்தான் இறங்கும். வாசலில் ஆச்சி போடுகிற அரிசிமாக் கோலத்தை எறும்பு தூக்கிக்கொண்டு போவதும் பெரும்பாலும் உள்ளே இருக்கிற பிள்ளைகளுக்குத்தான். ஆச்சியிடம் இதைச் சொன்னேன். "அப்ப நாளையில இருந்து சீனியும் கலந்து போடுதேன்" என்றார்.

ஆறேழு எறும்பு சேர்ந்ததும் டப்பாவில் சிவப்புத் துளி வையுங்கள். வெளியே வருவது ஒன்றோ இரண்டோதான் இருக்கும், மற்றவை டியூபை விட்டு அசையாது. மறுநாள் காலையில் எல்லாவற்றையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், வெளியே எட்டிக்கூடப் பார்க்காத எறும்பின் தகட்டு இடுக்கிலும் சிவப்பு தெரியும்.

ஒரு நாலைந்து நாள் கழித்து டியூபின் ஓரத்தையும் டப்பாவின் மூலையையும் பாருங்கள். சிவப்புப் புள்ளிகள் ஓரிடத்தில் குவிந்திருந்தால் சிந்தின சர்க்கரை என்று துடைத்துவிடாதீர்கள். ஜெர்மனியில் ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 2015-ல் கறுப்புத் தோட்ட எறும்புகளுக்குச் சிவப்பும் நீலமுமாகக் கலர் உணவு கொடுத்துப் பார்த்தபோது, கூட்டின் மூலையில் அதே கலரில் திட்டுகள் சேர்ந்தன. குப்பையையும் பிணத்தையும் வெளியே கொண்டுபோய்ப் போடுகிற எறும்பு இதை மட்டும் உள்ளேயே ஒரு மூலையில் வைத்துக்கொள்கிறது. அது கக்கூஸ். வால்வைத் தாண்டி எறும்பின் சொந்த வயிற்றுக்குப் போனது எவ்வளவு என்று கேட்டால், அந்த மூலையில் இருக்கிற சிவப்புதான் கணக்கு.